வீட்டில் தங்காத இணையம்

(கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



இந்த ஆண்டு வந்த மனுக்களைச் சரிபார்த்தபோது ஒரு விஷயம் எங்கள் மனதை உறுத்தியது. டவுன் பிள்ளைகள் அரசு உதவித்தொகைக்கும் வீட்டிலிருந்தே ஆன்லைனில் விண்ணப்பித்திருந்தார்கள். கிராமத்துப் பிள்ளைகள் சிலர் கடைசித் தேதியைத் தவறவிட்டிருந்தார்கள். நல்ல மார்க் வாங்கிய ஒரு மகளிடம் காரணம் கேட்டோம். "ஓடிபி அத்தா போனுக்குத்தான் வரும். அத்தா சென்னையில கடையில இருக்காங்க. வேலை நேரத்துல போன் எடுக்க முடியாது" என்றாள்.

இது நம் பகுதியின் குறை மட்டுமல்ல. 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நகர்ப்புற வீடுகள் 100க்கு 42இல் இணைய வசதி இருந்தது. கிராமப்புறத்தில் 15இல்தான். 2020இல் பள்ளிகள் மூடியபோது அதன் விளைவைக் கண்ணால் கண்டோம். கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது; ஆனால் டிவியிடம் சந்தேகம் கேட்க முடியுமா?

அதன் பிறகு வீட்டுக்கு வீடு போன் வந்துவிட்டது என்கிறோம். காலையில் அத்தா வேலைக்குக் கிளம்பினால் போனும் கிளம்பிவிடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய கிராமத்து ஆண்கள் 100க்கு 49 பேர். பெண்கள் 25 பேர்தான்.

ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுசெல்லும் திட்டத்துக்கு 2011இலேயே மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அதுதான் இன்றைய பாரத்நெட். ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வந்த கேபிள், வீட்டுக்கு வந்தால்தானே பிள்ளைக்குப் பயன்? வீடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் நிறுவனங்கள் தாமே தேடி வருகின்றன. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் ஊரில் அவர்களுக்குக் கட்டுபடியாவதில்லை.

அதுவரை நம்மால் ஆனதைச் செய்வோம். கிராம ஜமாஅத்துகள் மக்தபில் ஓர் அறை ஒதுக்கித் தந்தால், இணைப்புக்கான மாதக் கட்டணத்தை அறக்கட்டளை ஏற்கும். டவுனில் படிக்கும் பிள்ளைகள் விண்ணப்பக் காலத்தில் அங்கு வந்து உதவ வேண்டும். வெளியூரில் இருக்கும் அத்தாமார்கள், ஓடிபி வரும் எண்ணை வீட்டில் இருக்கும் போனுக்கு மாற்றித் தர வேண்டும். மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரமாவது அந்தப் போன் மகளின் படிப்புக்கு இருக்கட்டும்.

அடுத்த ஆண்டு ஒரு பிள்ளையும் இந்தக் காரணத்தைச் சொல்லக் கூடாது, இன்ஷா அல்லாஹ்.