‘கோ’ என்னும் வினைச்சொல்

விளையாடுதலைக் குறிக்கும் ஆங்கில வினையாகிய ‘பிளே’, இறந்தகாலத்தில் ‘பிளேட்’ ஆகும். இதனைக் கற்ற மாணவன் ஒருவன், போதலைக் குறிக்கும் ‘கோ’ என்பதைக் ‘கோட்’ என எழுதிவிடுகிறான். ஆசிரியர் சிவப்பு மையினால் அதனை வெட்டி, ‘வென்ற்’ எனத் திருத்துகிறார். காரணம் கேட்டால், “அது அப்படித்தான், மனனம் செய்” என்பதே பெரும்பாலும் மறுமொழி. ஆயினும் அதற்கு ஒரு வரலாறு உண்டு.

பழைய ஆங்கிலத்தில் இவ்வினை ‘கான்’ என வழங்கிற்று. அதன் இறந்தகாலம் ‘ஏயொடெ’. அதுவும் வேறோர் அடியிற் பிறந்ததே. அக்காலத்தில் ‘வென்ட்’ என்னும் பிறிதொரு வினையும் இருந்தது. திரும்புதலை உணர்த்திய அது, நாளடைவில் செல்லுதலையும் உணர்த்திற்று. அனுப்புதலைக் குறிக்கும் ‘சென்ட்’, ‘சென்ற்’ ஆவதுபோல, இதுவும் இறந்தகாலத்தில் ‘வென்ற்’ ஆயிற்று. 15ஆம் நூற்றாண்டளவில் தென் இங்கிலாந்தில் ‘ஏயொடெ’ வழக்கொழிய, அதன் இடத்தை ‘வென்ற்’ பற்றிக்கொண்டது.

தமிழில் ‘போ’, ‘செல்’ என இரு வினைகள் உள. ‘போனான்’ என்ற சொல் மறைந்து, ‘போகிறான், சென்றான், போவான்’ என்றே அனைவரும் பேசத் தலைப்பட்டால் எவ்வாறிருக்கும்? ஆங்கிலத்தில் நிகழ்ந்தது அதுவே.

பொருள் விரிவில் இரு மொழிகளும் வியக்கத்தக்க ஒற்றுமை உடையன. “மழை பெய்யப் போகிறது” என்னுமிடத்து எவரும் நடந்து போவதில்லை, எதிர்காலமே சுட்டப்படுகிறது. ஆங்கிலேயரும் ‘கோ’ என்னும் வினையை அவ்வாறே ஆளுகின்றனர். பால் கெட்டுப்போதலை உரைக்கவும் அவர்களுக்கு அதே வினை உதவுகிறது.

இனி, அம்மாணவனின் பிழையை நோக்குவோம். ஸ்கொத்லாந்து மக்களின் மொழியில் ‘கேட்’ என்னும் இறந்தகால வடிவம் வழங்கியுள்ளது. அது அவன் ஆக்கிய சொல்லுக்கு உறவே. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் முதலில் ‘வென்ற்’ என்று கேட்டபடியே சொல்லிப் பழகுகின்றனர். பொதுவிதி பிடிபட்டதும் ‘கோட்’ என்கின்றனர். பின்னர் மீண்டும் ‘வென்ற்’ என்பதற்கே திரும்புகின்றனர். விதியை உணராத குழந்தைக்கு இப்பிழை வருவதில்லை.

ஆகவே, ஆசிரியர் திருத்தத்தான் வேண்டும். இன்றைய ஆங்கிலத்தில் ‘வென்ற்’ என்பதே சரி. ஆனால், அறிவிலி என்று அவனைக் கடியாது, அவன் விதியைச் சரியாகவே பின்பற்றினான் என்பதையும், மொழிதான் இங்கே வழி மாறியது என்பதையும் இரண்டொரு வாக்கியங்களிற் சொல்லிவிடலாம். அதன்பின் அச்சொல்லை அவன் மறக்கமாட்டான். கேள்வி கேட்கவும் அஞ்சமாட்டான்.