கற்றவர் கடல் கடப்பது ஏன்?



2022ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடி இலங்கையை விட்டுச் சென்றனர். வைத்தியரும் தாதியரும் பொறியியலாளரும் அவர்களுள் உண்டு. "ஊர்ப்பற்று இல்லாதவர்கள்" என்று சிலர் ஏசுகின்றனர். அது நியாயமன்று.

நமது துறைமுகத்தின் கதையையே பாருங்கள். 1957இல் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துச் சென்றனர். அதை நம்பித் தொழில் பழகிய கைகளுக்குப் பின்னர் அவ்வளவு வேலை இருக்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டிலேதான் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. கைதேர்ந்த தமிழ் உத்தியோகத்தரும் சிங்களப் பரீட்சையில் தேறாவிடிற் சம்பள உயர்வு இல்லையென்ற நிலை உண்டாயிற்று. திறமை குறையவில்லை, அதற்குரிய இடம் குறைந்தது. சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளிற் பெரும்பாலானவை பல்லாண்டுகள் வெறுமையாய்க் கிடந்ததையும் நாம் கண்டோமே!

சம்பளமும் பெருங்காரணந்தான். 2022இல் ரூபாவின் மதிப்பு வெகுவாக வீழ்ந்தது. அரசாங்கமே தன் உத்தியோகத்தருக்கு ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறை கொடுத்து வெளிநாடு போக வழி திறந்தது. வெளிநாட்டுப் பணம் வேண்டியிருந்தது. ஆளை இழப்பதைப் பற்றி யார் கணக்குப் பார்த்தார்?

பிணைப் பத்திரம் எழுதுவித்து ஆளை நிறுத்த முடியாது. பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விடுவார். இங்கு நியமனம் பெற்று வரும் இளம் வைத்தியர் முதலிற் தேடுவது குடியிருக்க ஒரு வீடும் பிள்ளைக்கு ஒரு பாடசாலையுமே. சம்பளத்தைக் கூட்ட நம்மால் இயலாது. வீடு பார்த்துக் கொடுக்கலாம். பிள்ளையைச் சேர்க்க உடன் போகலாம். இவ்வேலையை நமது சங்கம் இவ்வாண்டே ஏற்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.