மைக்ரான் கணக்கு யார் கையில்?



புசா ரோட்டில் நாம் கூடியிருக்கும் இடத்துக்கு அருகில்தான் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் உள்ளது. நாட்டின் மீட்டர் அளவுக்கு அதுவே காவல். அதன் முதல் இயக்குநர் தமிழரான கே.எஸ்.கிருஷ்ணன்.

சி.என்.சி. இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதும் எங்களுக்கு மைக்ரான் வேண்டும். மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் ஒரு கூறு அது. ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 11 மைக்ரான் நீளும். அளவெடுக்க உலகம் ஏற்ற வெப்பநிலை 20 டிகிரி. டில்லிக் கோடையில் பட்டறை 40 டிகிரியானால் 200 மைக்ரானுக்கு மேல் பிசகு! அதைக் கணக்கிட்டுத் திருத்துவது புரோகிராம்.

ஆனால் எந்த நேரத்தில் எந்தத் தண்டு எப்படிச் சூடேறும் என்று எங்களுக்குக் காட்டியவர் யார்? லேத்தில் இருபது வருடம் நின்ற தொழிலாளி. அவர் அனுபவம்தான் எங்கள் கணக்கில் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. "புரோகிராம் வந்தாயிற்று, ஆள் எதற்கு?" என்று அவரையே வெளியேற்றுவது எந்த நியாயம்?

நாம் இயந்திரத்தை எதிர்க்கவில்லை. வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, மூத்த தொழிலாளிக்கும் புரோகிராம் கற்றுத்தரக் கேட்கிறோம். நம் பிள்ளைகளை, பெண்களையும் சேர்த்து, புசா அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அனுப்புவோம். பொத்தானை அழுத்தும் கை அதன் கணக்கையும் அறியட்டும்!