சிரைக்குள் வளரும் சிறுநீரகக் கட்டி



கட்டி பெரிய இரத்தக் குழாய்க்குள் புகுந்துவிட்டது என்று கேட்ட மாத்திரத்தில், இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடும் குடும்பங்கள் உண்டு. வேறு பல புற்றுகளில் அவ்வச்சத்துக்கு இடமுண்டு. சிறுநீரகப் புற்றிலோ நிலைமை வேறு. இன்று அதைமட்டும் சொல்ல விழைகிறேன்.

சிறுநீரகத்தின் சிரை, உடலின் கீழ்ப்பகுதிக் குருதியை இதயத்துக்கு ஏந்திச் செல்லும் கீழ்ப்பெருஞ்சிரையில் சென்று சேர்கிறது. சிறுநீரகப் புற்றுடையோரில் நூற்றுக்கு 4 முதல் 10 பேருக்குக் கட்டி இவ்வழியே நாக்குப்போல நீள்கிறது. சிலருக்கு அது கல்லீரலின் பின்புறமாக ஏறி இதயத்தின் வலது மேலறையையே எட்டிவிடும். ஆயினும், பெரும்பாலோர்க்கு அந்நாக்கு குழாயின் சுவரைப் பற்றிக்கொள்வதில்லை. உறைக்குள் வாள் போலத் தனித்தே கிடக்கிறது. ஆகவே உருவியெடுக்க இயலுகிறது.

நாக்குக்கு மேலும் கீழும் சிரையை இறுக்கிக் குருதியோட்டத்தைச் சற்று நிறுத்துவர். பின்பு சுவரைக் கீறி, நாக்கைச் சிறுநீரகத்தோடு அகற்றித் தைத்துவிடுவர். சுவரையும் அரித்திருந்தால் அப்பகுதியை வெட்டி ஒட்டுப் போடவேண்டிவரும். இதயம்வரை ஏறியிருப்பின் இதய நுரையீரல் இயந்திரம் துணைபுரியும். சிலபோது உடலை 20 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, ஓட்டத்தையே சில நிமிடம் நிறுத்துவதுமுண்டு. எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது, நாக்கின் துண்டொன்று உடைந்து நுரையீரலை அடைத்துவிடுவதே. அறுவை மேசையிலேயே உயிர் போகலாம். எனவே, சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகிய மூன்று துறை அறுவை வல்லுநரும் ஒருங்கே உள்ள மருத்துவமனையையே நாடுங்கள். இதில் சிக்கனம் வேண்டா.

நோய் வேறிடங்களுக்குப் பரவாதிருப்பின், அறுவை செய்துகொண்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் 5 ஆண்டுகளைக் கடந்தும் வாழ்கின்றனர். அறுவையால் இறப்போரும் உண்டு. நாக்கு உயர ஏற ஏற அவ்விடர் கூடும். ஆனால் வாளாவிருந்தால் பெரும்பாலோர்க்கு எஞ்சுவன சில மாதங்களே. இவ்விரண்டையும் எடைபோட்டு நோயாளியே முடிவெடுக்கட்டும். அவரிடம் மறைத்துவிட்டு உறவினர் முடிவுசெய்வதை நான் ஏற்பதில்லை.

வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் ஒருமுறை தோன்றி மறைந்தாலும், இரு கால்களும் காரணமின்றி வீங்கினாலும் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். அறுவைக்கு நாள் குறித்தபின் பழைய படத்தை நம்பியிருத்தலும் ஆகாது. சில வாரங்களுக்குள்ளேயே நாக்கு மேலேறிவிடக்கூடும். புதிய படம் எடுத்த பின்னரே மருத்துவர் கத்தியைத் தொடுவார்.