மின்சார வண்டியின் அடியில் ஓர் ஓசை

மின்சார மோட்டார் வண்டியை வாங்கியவர்கள் முதல் வாரத்தில் அதன் அமைதியைப் புகழ்ந்து பேசுவது வழக்கம். நாங்களும் பேசினோம். தில்லியில் குடியேறிப் பல ஆண்டுகள் பெட்ரோல் வண்டியின் உறுமலுக்குப் பழகிவிட்ட எங்கள் குடும்பத்துக்குப் புதிய வண்டி ஓர் அதிசயமாகவே இருந்தது. பொத்தானை அமுக்கினால் வண்டி விழித்துக்கொண்டதா இல்லையா என்பதே தெரியவில்லை. அந்த அமைதிக்கும் ஒரு விலை உண்டு என்பது இரண்டாம் ஆண்டின் மழைக்காலம் முடிந்த பிறகே எங்களுக்கு விளங்கிற்று.

குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி, அரைகுறையாக மூடப்பட்ட பள்ளம் ஒன்று எங்கள் காலனி வாயிலில் உண்டு. இடப்பக்கச் சக்கரம் அதில் இறங்கும்போதெல்லாம் அடியிலிருந்து 'டொக்' என்று ஓர் ஓசை எழலாயிற்று. தீபாவளி விடுமுறையில் வயதான அன்னையாரை ஹரித்துவாரத்துக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருந்தோம். போக மட்டும் 200 கிலோமீட்டருக்கு மேல். இந்த ஓசையோடு புறப்படுவதா, வேண்டாமா என்பது எங்கள் இல்லத்தில் நாள்தோறும் வழக்காடப்படும் பொருளாகிவிட்டது.

பழுது பார்க்கும் நிலையம் ஒன்றுக்கு வண்டியை எடுத்துச் சென்றோம். அங்கிருந்தவர் வண்டியில் ஏறிப் பார்க்கவில்லை. ஓசையைப் பற்றி இரண்டு வாக்கியம் கேட்டதும், "ஷாக்கர் போய்விட்டது" என்று இந்தியில் தீர்ப்பளித்தார். ஷாக் அப்ஸார்பருக்குத் தில்லி மெக்கானிக்குகள் இட்ட பெயர் அது. முன்பக்கத்து ஷாக்குகள் இரண்டும் மாற்றப்பட்டன. 22,000 ரூபாய் கொடுத்துவிட்டு வீடு திரும்பினோம். காலனி வாயிலில் அதே பள்ளத்தில் அதே 'டொக்' எங்களை வரவேற்றது.

பணம் போன வருத்தத்தைவிட, எங்கே தவறினோம் என்பது விளங்காத வருத்தமே பெரிதாயிருந்தது. பிறகு அறிந்துகொண்டவற்றை, நம்மைப் போலவே வேற்று மாநிலத்தில் வேற்று மொழி பேசும் மெக்கானிக்கிடம் வண்டியை ஒப்படைக்க வேண்டியிருக்கும் நேயர்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணுகிறோம்.

மின்சார வண்டியில் இவ்வோசைகள் ஏன் இவ்வளவு தொல்லை தருகின்றன? முதற்காரணம், அவற்றை மூடிவைக்க எஞ்சின் இல்லை. பெட்ரோல் வண்டியிலும் புஷ் தேய்கிறது, லிங்க் தளர்கிறது. ஆனால் எஞ்சினின் இரைச்சல் அவற்றின் மேல் ஒரு கம்பளிபோல் கிடக்கிறது. அக்கம்பளி நீங்கியதும் வாங்கிய நாளிலிருந்தே இருந்த ஓசைகூடப் புதிய நோயாகத் தோன்றும். இரண்டாவது, எடை. சிறிய மின்சார வண்டியிலும் தரைக்கடியில் இருக்கும் பேட்டரி 200 முதல் 300 கிலோ வரை இருக்கும். பெரிய வண்டிகளில் 400 கிலோவையும் தாண்டும். அதைத் தாங்குவதற்காகச் சுருள் வில்களை விறைப்பாக அமைக்கின்றனர். டயரிலும் காற்றழுத்தம் சற்று மிகுதியாகவே குறிக்கப்படுகிறது. ஆகவே பள்ளத்தின் அடி ரப்பர் புஷ்களுக்கும் மூட்டுகளுக்கும் கடுமையாகப் போய்ச் சேருகிறது.

மூன்றாவது காரணம் மின்சார வண்டிக்கே உரியது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வண்டியைப் பின்னிழுத்து, கிடைக்கும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்புகிறது. இதனை ரீஜென் என்பர். நகரப் போக்குவரத்தில் முன்னே தள்ளுவதும் பின்னே இழுப்பதுமாக இந்த விசை நொடிக்கு நொடி திசை மாறுகிறது. கிணற்றுக் கயிற்றை இருபுறமும் மாறி மாறி இழுத்தால் முடிச்சு தளருமன்றோ? அதுபோல லோயர் ஆர்மின் பின் புஷ்ஷும், மோட்டாரைத் தாங்கும் ரப்பர் மவுண்டும் காலப்போக்கில் தளர்கின்றன.

இனி ஓசையைத் தேடும் முறைக்கு வருவோம். சஸ்பென்ஷனைக் குறை கூறுமுன் வண்டியின் பின்பெட்டியைக் காலி செய்து பார்ப்பது நலம். இது விளையாட்டுப் பேச்சன்று. எங்கள் வண்டியில் இரண்டாவதாக ஓர் ஓசையும் இருந்தது. பின்பக்கத்திலிருந்து 'கடக், கடக்' என்று வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தால், வீட்டு மின்செருகியில் மாட்டும் சார்ஜரின் கனத்த பெட்டி ஒருபுறம் உருண்டு கிடந்தது. அதற்குத் துணையாகக் கரோல்பாகில் வாங்கி மறந்துபோன தேங்காய் ஒன்றும் இருந்தது. இரண்டையும் எடுத்த பின் அந்த ஓசை ஒழிந்தது. ஜாக்கி, மாற்றுச் சக்கரம், நம்பர் தகடு, பேட்டரிக்கு அடியிலுள்ள காப்புத் தகட்டின் தளர்ந்த போல்ட்டு ஆகிய யாவும் இவ்வகையில் நம்மை ஏமாற்றக்கூடியவை.

எஞ்சிய அந்த 'டொக்'குக்கு வழி காட்டியவர், ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பணிமனையில் பல்லாண்டு வேலை செய்து ஓய்வு பெற்று, எங்கள் மாடிக்கு மேல் குடியிருக்கும் பெரியவர். "ஓசை எங்கேயிருந்து வருகிறது என்று கேட்காதீர்கள், தம்பி. எப்போது வருகிறது என்று கேளுங்கள்" என்றார் அவர். இக்காலத்து வண்டியின் உடல் முழுவதும் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்ட இரும்பு. ஒரு மூலையில் தட்டினால் மறு மூலையில் கேட்கும். காது இடத்தைத் தவறாகச் சொல்லும். சமயத்தை அநேகமாகத் தவறாகச் சொல்லாது.

அவர் சொற்படி ஒரு வாரம் ஒரு தாளில் குறித்து வந்தோம். வேகம் எவ்வளவு, சாலை எத்தகையது, ஸ்டியரிங் நேராக இருந்ததா திரும்பியிருந்ததா, கால் எந்த மிதியின்மேல் இருந்தது, குளிரா வெயிலா. ஒரு வாரத்தில் உண்மை வெளிப்பட்டது. வேகத்தடையை இரு முன்சக்கரங்களும் ஒருசேர ஏறிக் கடந்தால் ஓசை இல்லை. கோணலாக, ஒரு சக்கரம் முன்னும் ஒரு சக்கரம் பின்னுமாக ஏறினால் 'டொக்'. வேகம் 20 கிலோமீட்டர் அளவில் இருக்கையில், சிறு மேடு பள்ளங்களில் மிகுதி. வேகமாக நல்ல சாலையில் செல்கையில் இல்லை.

இதன் பொருள் என்ன? முன்சக்கரங்கள் இரண்டையும் இணைத்து ஸ்டெபிலைசர் பார் என்னும் எஃகுத் தண்டு குறுக்கே செல்கிறது. வளைவில் வண்டி ஒருபுறம் சாயாமல் காப்பது அதன் தொழில். இரு சக்கரங்களும் ஒன்றாக எழுந்தால் தண்டும் சும்மா எழுந்து தாழும். ஒன்று மட்டும் எழுந்தால்தான் தண்டு முறுக்கிக்கொள்ளும். அதனைச் சக்கரத்தோடு சேர்க்கும் சிறு கம்பிகளான லிங்க் ராடுகள் இழுபடும். லிங்க் ராட்டின் முனையிலுள்ள சிறு உருண்டை மூட்டு தேய்ந்திருந்தால் அப்போது தட்டும். ஷாக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பெரியவர் வண்டியை அணைத்துக் கைப்பிரேக் போடச் சொன்னார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தார். ஸ்டியரிங்கை ஒருபுறம் முழுவதும் திருப்பியதும் சக்கரத்துக்குப் பின்னே லிங்க் ராடு கண்ணுக்குத் தெரிந்தது. ஜாக்கியே தேவைப்படவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இருவர் கூரையைப் பிடித்து வண்டியை இடமும் வலமுமாக ஆட்ட, அவர் லிங்கின் மேல் விரல்களை வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் அமைதி. வலப்பக்கம் வந்ததும், "கையில் தட்டுகிறது, நீங்களும் பாருங்கள்" என்றார். இடப்பக்கம் கேட்ட ஓசைக்கு வலப்பக்கத்து லிங்க் காரணம்! இடச் சக்கரம் பள்ளத்தில் இறங்கத் தண்டு முறுக்கி, மறு முனையில் தளர்ந்த மூட்டைத் தட்டியிருக்கிறது. இரண்டு லிங்குகளும் மாற்ற, ஷாக்குகளுக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

எல்லா ஓசைக்கும் லிங்க் ராடே காரணம் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. அப்படி எண்ணினால் ஷாக்கர்க்காரர் செய்த பிழையையே நாமும் செய்தவராவோம். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது 'டங்' என்று வில் தெறிப்பதுபோல் கேட்டால் ஐயம் மேலே, ஸ்ட்ரட்டின் தலைப்பகுதி மவுண்டின் மேலும் அதன் பேரிங்கின் மேலும் விழ வேண்டும். நம் நாட்டுச் சிறு வண்டிகள் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் எனப்படும் அமைப்பே. எர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வகுத்தது. அதில் வில்லும் ஷாக்கும் ஒரே தூணாக நின்று ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்புகின்றன. அத்தூண் திரும்பும் பேரிங் இறுகினால் வில் முறுக்கி, திடீரென விடுபடும். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெல்ல ஓட்டும்போது சக்கரம் சுழலும் கணக்குக்கு ஏற்ப 'டக் டக் டக்' என வந்தால் டிரைவ் ஷாப்ட்டின் வெளி மூட்டைப் பார்க்க வேண்டும். ஷாக்கே பழுதானால் பெரும்பாலும் அதன் உடலில் எண்ணெய்க் கசிவு தெரியும். பள்ளம் தாண்டிய பிறகும் வண்டி ஊஞ்சலாடும். எங்கள் பழைய ஷாக்குகள் உலர்ந்தே இருந்தன என்பதைப் பின்னரே நினைவுகூர்ந்தோம்.

காலை எடுக்கும்போதும் மீண்டும் மிதிக்கும்போதும் ஒருமுறை 'தொம்' என்று வருமாயின் அங்கேதான் மின்சார வண்டிக்குரிய சோதனை பயன்படும். ஆளில்லாத நேரான சாலையில், மெதுவான வேகத்தில், நியூட்ரலில் போட்டு அதே மேட்டின்மேல் உருள விடுங்கள். மோட்டாரின் தள்ளலும் இழுப்பும் நீங்கிய நிலையில் ஓசையும் நீங்கினால், மோட்டார் மவுண்ட், டிரைவ் ஷாப்ட், லோயர் ஆர்ம் புஷ் என்ற வரிசையில் தேடலாம். நீங்காவிடில் பிற மூட்டுகளில் தேட வேண்டும். அதே நியூட்ரலில் பிரேக்கை மென்மையாக அழுத்திப் பாருங்கள். கடகடவென்ற ஓசை உடனே நின்றால் தட்டியது பிரேக் பேடு. ரீஜென் இருப்பதால் மின்சார வண்டியில் பேடுகளுக்கு வேலை குறைவு. வேலையில்லாத பேடு தன் இருக்கையில் தளர்ந்தும் துருவேறியும் கிடக்கும். நியூட்ரலில் ஏன் என்றால், சில வண்டிகளில் மெல்லிய பிரேக்கையும் மோட்டாரே செய்துவிடும். பேடு வட்டைத் தொடுவதே இல்லை. பின்னோக்கி எடுத்து மறுபடி முன்னோக்கிச் செல்கையில் முதல் பிரேக்கில் மட்டும் ஒரு சிறு 'டிக்' வந்தால், பேடு இடம் மாறி அமர்கிறது. பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது ஒன்று உண்டு. ஓசையோடு ஸ்டியரிங் அலைவதும், வண்டி ஒருபுறம் இழுப்பதும், டயர் ஒரு விளிம்பில் மட்டும் தேய்வதும் சேர்ந்து வந்தால் லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கக் கூடும். லிங்க் ராடு முறிந்தால் வண்டி வளைவில் கூடுதலாகச் சாயும். பார்த்து மெதுவாக வீடு வந்து சேரலாம். பால் ஜாயிண்ட் கழன்றாலோ சக்கரம் மடிந்துவிடும். இந்த ஐயம் எழுந்தால் ஹரித்துவாரமும் வேண்டாம், கடைத்தெருவும் வேண்டாம். வண்டியை ஏற்றிச் செல்லும் லாரியை அழைக்க வேண்டும்.

பணிமனையில் கவனிக்க வேண்டியவையும் சில. வண்டியைத் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டுப் பார்த்தால் தளர்ந்த மூட்டும் இறுகினாற்போல் தோன்றி நல்ல பிள்ளையாக நடிக்கும். சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்க, குழியிலிருந்தோ சாய்தளத்திலிருந்தோ பார்ப்பதே சரி. புதிய புஷ்ஷின் போல்ட்டையும் வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பின்னரே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ்ந்து சீக்கிரம் கிழியும். ஜாக்கி வைக்கும் இடங்கள் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். பழக்கதோஷத்தால் நடுத்தரையில் ஜாக்கி வைத்தால் அங்கே இருப்பது பேட்டரிப் பெட்டி. ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம் உடையவை. பயிற்சி பெற்றவர் தவிர எவரும் அவற்றின்மேல் கை வைக்கலாகாது, கடப்பாறையை அவற்றின்மேல் சாய்க்கவும் கூடாது.

மொழி பற்றி ஒரு சொல். லொடலொட, கடகட, டொக், டங் என்று நம் மொழியில் ஓசைச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவை விந்தியத்துக்கு அப்பால் செலாவணியாவதில்லை. நாங்கள் 'டொக்' என்றதை அந்த நிலையத்தார் 'கட்-கட்' என்று எழுதிக்கொண்டார்; அதிலேயே பாதி உண்மை கரைந்துவிட்டது. ஆகவே ஓசையை நடித்துக் காட்டாமல், மெக்கானிக்கைப் பக்கத்து இருக்கையில் அமர்த்தி, ஓசை எழும் அந்தப் பள்ளத்துக்கே அழைத்துச் செல்லுங்கள். வர மறுப்பவரிடம் பாகம் மாற்றச் சம்மதிக்காதீர்கள். உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால், குறையைத் தேதியுடன் எழுத்தில் பதியச் செய்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு மறுநாள் ஹரித்துவாரம் சென்று வந்தோம். வழியில் சார்ஜ் போட நின்ற முக்கால் மணி நேரம்தான் அன்னையாருக்குக் கசந்தது. மற்றபடி வண்டி வாய் திறக்கவில்லை. ஜனவரிக் குளிர் வந்ததும் விடியற்காலைகளில் மட்டும் பின்பக்கத்தில் ஒரு முனகல் கேட்கிறது. வெயில் ஏறினால் மறைகிறது. குளிரில் ரப்பர் இறுகும், பின் அச்சின் புஷ்ஷாக இருக்கலாம் என்கிறார் பெரியவர். தாள் மறுபடி எடுத்தாயிற்று.