பதினோரு பேர் போதும்



1974 ஜூலை. அமெரிக்காவில் வாட்டர்கேட் விவகாரம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த நேரம். நாடாளுமன்ற நீதிக் குழுவில் ஒரு பெண் உறுப்பினர் பேசினார். நிறுத்தி, நிதானமாக, கணீரென்ற குரலில், அதிபர் நிக்சன் மீதான குற்றச்சாட்டுகளை அரசியல் சாசனத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் காட்டினார். அவர் பெயர் பார்பரா ஜோர்டான். அந்தப் பேச்சைப் புகழாதவர்கள் இல்லை. ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்த அரசியல்வாதி உருவானது டெக்சஸ் மாநில செனட்டில்தான். அந்த ஆண்டுகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஹூஸ்டன் நகரின் ஐந்தாவது வார்டில், 1936இல் பிறந்தவர். அப்பா கிடங்கு ஒன்றில் எழுத்தர். பாப்டிஸ்ட் சபையில் போதகரும்கூட. பள்ளிக்கூடத்துக்குப் பேச வந்த ஈடித் சாம்ப்சன் என்ற கறுப்பினப் பெண் வக்கீலைப் பார்த்த அன்றே, தானும் வக்கீலாக வேண்டும் என்று அந்த மாணவி முடிவுசெய்துவிட்டாள். 1959இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம். ஊர் திரும்பித் தொழில் தொடங்கியபோது தனி அலுவலகம் வைக்க வசதி இல்லை. பெற்றோர் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். கட்சிக்காரர்கள் அங்கேயே வந்து உட்கார்ந்து வழக்கைச் சொன்னார்கள்.

1960இல் கென்னடியின் தேர்தல் பிரசாரத்துக்கு உதவப் போனார். முதலில் கிடைத்தது கடித உறைகளில் தபால்தலை ஒட்டும் வேலை. ஒருநாள் கூட்டத்துக்கு வரவேண்டிய பேச்சாளர் வரவில்லை, இவரை மேடையேற்றினார்கள். அதற்குப் பிறகு யாரும் அவரைத் தபால்தலை ஒட்டச் சொல்லவில்லை.

1962இலும் 1964இலும் மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டார். இரண்டு முறையும் தோல்வி. காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். அந்த இடங்களுக்கு ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டி முழுவதுமே ஒரே தொகுதி. ஐந்தாவது வார்டு மக்கள் திரண்டு வந்து ஓட்டுப் போட்டாலும், வெள்ளையர் வாழும் புறநகர்களின் எண்ணிக்கையில் அது கரைந்துபோகும். போதாக்குறைக்கு, மாநிலத் தேர்தலில் ஓட்டுப் போட 1966 வரை டெக்சஸில் தலைவரி கட்டவேண்டியிருந்தது.

1964இல் உச்ச நீதிமன்றம், மாநில சட்டமன்றத் தொகுதிகள் மக்கள்தொகைக்கு ஏற்ப அமைய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டன. புதிய 11ஆவது செனட் தொகுதியில், முன்பே அவருக்கு வாக்களித்துவந்த பகுதிகள் நிறைய இருந்தன. 1966இல் அதே நகரத்தில் அதே வேட்பாளர் பெரும் வித்தியாசத்தில் வென்றார். அப்போது வயது முப்பது. 1883க்குப் பிறகு டெக்சஸ் செனட்டில் நுழைந்த முதல் கறுப்பினத்தவர். கறுப்பினப் பெண்களில் எக்காலத்துக்கும் முதல்வர். திறமை இருந்தும் கோடு போட்ட விதத்தால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இன்னும் எத்தனை பேரோ என்று நினைக்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

செனட்டில் மொத்தம் 31 பேர். மற்ற 30 பேரும் ஆண்கள். அவர் முதலில் செய்தது சபை விதிகளைக் கரைத்துக் குடித்ததுதான். 1967இல் வாக்காளர் பதிவைக் கடினமாக்கும் மசோதா ஒன்று வந்தது. தலைவரி போனதும் ஏழைகளைத் தடுக்க வேறு வழி தேடினார்கள் என்றே எனக்குப் படுகிறது. அந்தச் சபையின் அன்றைய வழக்கப்படி, ஒரு மசோதாவை விவாதத்துக்கு எடுக்க மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டியிருந்தது. அதாவது, பதினோரு பேர் மறுத்தால் மசோதா நகராது. ஜோர்டான் மேடைப் பேச்சை நம்பி இருக்கவில்லை. ஒவ்வொரு செனட்டராகத் தனியே பார்த்துப் பேசினார். பத்துப் பேரிடம் வாக்குறுதி வாங்கினார். தன்னோடு சேர்த்துப் பதினொன்று. மசோதா அங்கேயே படுத்துவிட்டது. முதல் கூட்டத்தொடரில், புதுமுகம் ஒருவர் இதைச் சாதித்தார். வாட்டர்கேட் பேச்சைவிட இதை நான் ஒரு படி மேலே வைப்பேன்.

அதன்பின் டெக்சஸின் முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குப் பாடுபட்டார். 1972 மார்ச்சில், அதே சபை அவரைத் தற்காலிகத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பதவியின் மரபுப்படி ஜூன் 10 அன்று ஒருநாள் ஆளுநராகவும் இருந்தார். விழாவுக்கு வந்த அப்பா அன்றே உடல்நலம் குன்றி, மறுநாள் காலமானார்.

அவர்மீது விமர்சனமும் உண்டு. 1971 மறுவரையறையில் தனக்கு நாடாளுமன்றத் தொகுதி கிடைப்பதற்காகக் கறுப்பின மக்களின் செனட் இடத்தை விட்டுக்கொடுத்தார் என்று மாநிலப் பிரதிநிதிகள் சபையின் கறுப்பின உறுப்பினர் கர்டிஸ் கிரேவ்ஸ் குற்றம் சாட்டினார். இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஜோர்டான் அந்தத் தொகுதியில் வென்று வாஷிங்டன் போனபின், 1983 வரை டெக்சஸ் செனட்டில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட இல்லை. ஆனாலும் வாஷிங்டனில் அவர் சும்மா இருக்கவில்லை. வாக்குரிமைச் சட்டம் 1975இல் நீட்டிக்கப்பட்டபோது, மெக்சிகோ வம்சாவளியினரைப் போன்ற மொழிச் சிறுபான்மையினரையும் அதில் சேர்க்கப் போராடினார், வென்றார். டெக்சஸும் அதன் வரம்புக்குள் வந்தது. பதிவு விதியோ தொகுதி எல்லையோ, எதை மாற்றுவதானாலும் அதன்பின் 2013 வரை அந்த மாநிலம் மத்திய அரசிடம் முன் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று.