உடுத்த துணிக்கு ஒரு கடை



செங்கலடியிலிருந்து பதுளை வீதி வழியே உள்ளே சென்றால் வருவது கரடியனாறு. வயலையும் மாட்டையும் நம்பி வாழும் ஊர். நல்ல உடுப்பு எடுக்க வேண்டுமாயின் எம்மவர் செங்கலடிக்கோ மட்டக்களப்பு நகருக்கோ பஸ் ஏறுவர்.

2022 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டிற்று. துணி விலையும் உடன் ஏறிற்று. அரசு வழங்கும் இலவசத் துணியால் சீருடைக்கு வழியுண்டு. ஆயின், வண்ண உடுப்பணிந்து வரும் விழா நாளிலே சில பிள்ளைகளின் இடம் வெறுமையாய்க் கிடக்கும். காரணத்தை அவர்கள் சொல்வதில்லை.

பழைய உடுப்பைக் கொடுத்தாலென்ன என்பீர்கள். அக்காளின் சட்டையைத் தங்கை அணிவது நம் வீடுகளில் வழக்கமே. அயலார் ஈந்ததை அணிவதிலேதான் கூச்சம். 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், கரையோர முகாம்களுக்குப் பழந்துணி மூட்டை மூட்டையாய் வந்தது. அளவும் விருப்பமும் கேளாது அனுப்பப்பட்டவற்றுட் பல உடுப்பாரின்றிக் கிடந்தன.

கடையில் நிலை வேறு. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகரிலே, 1940களின் பிற்பகுதியில், நன்கொடையாய் வந்த பொருள்களை விற்க ஒக்ஸ்பாம் அமைப்பு ஒரு கடை திறந்தது. அத்தகைய கடையில் வாங்குபவர் தாமே தெரிந்தெடுக்கிறார், பணம் கொடுக்கிறார், எவருக்கும் கைகூப்ப வேண்டியதில்லை.

மட்டக்களப்புக் கடைத்தெருவிலும் இத்தகைய சிறு கடைகள் எழலாகாதா? துணியைத் தோய்த்து, பொத்தான் தைத்து, மடிப்புக் குலையாமல் அடுக்கி, 100 ரூபா, 200 ரூபா என விலை குறித்தால் போதும். இலவசம் என்ற பலகை மட்டும் வேண்டாம். உட்கிராமங்களுக்கான மாலை பஸ் புறப்படும் வரை திறந்திருந்தால் நன்று.